கார்த்திகை மீன்களை எண்ணிப் பாருங்கள்: நம் மலை வானத்தின் கதை



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிறவன் என்று என்னைக் கேலி செய்தவர்கள் நீங்கள். அதனால் பொறுத்துக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

போன டிசம்பர் விடுமுறைக்குக் கோவையிலிருந்து பேத்தி வந்திருந்தாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு நாள் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசலில் நின்று அவளுக்குக் கார்த்திகை நட்சத்திரத்தைக் காட்டினேன். "ஆறு மீன் இருக்கும், எண்ணு" என்றேன். அவள் கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணுதான் தாத்தா தெரியுது. நாலாவது இருக்கிற மாதிரி இருக்கு, ஆனா இல்லை" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சில வருடங்களாக எனக்கும் மூன்றுதான் தெரிகிறது. கண்புரை அறுவை சிகிச்சை செய்துகொண்டவன் ஆயிற்றே, வயதான கண், வேறெப்படித் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு வயதுக் கண்ணுக்கும் அதே மூன்றுதான் என்றால் குறை கண்ணில் இல்லை.

அவளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டத்தின் மறுபக்கச் சரிவுக்குப் போனேன். டார்ச்சை அணைத்துவிட்டு இருபது நிமிடம் சும்மா நின்றோம். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரமாகும். பிறகு எண்ணச் சொன்னேன். "ஏழு!" என்று கத்தினாள். எனக்கு ஆறு தெரிந்தது. வாசலுக்கும் அந்த இடத்துக்கும் நடுவே இருநூறு அடி கூட இருக்காது.

அந்த இருநூறு அடிக்குள் நாலு நட்சத்திரம் எப்படிக் காணாமல் போனது என்று யோசித்துக்கொண்டே படுத்தேன். அந்த யோசனைதான் இந்தப் பதிவு. கதை நம் மலையில் 1871ல் தொடங்குகிறது.

வானம் பார்க்க நீலகிரிக்கு வந்தவர்கள்

1871ஆம் ஆண்டு டிசம்பர் 12 அன்று காலை ஒரு முழுச் சூரிய கிரகணம் நிகழ்ந்தது. சந்திரனின் நிழல் மேற்குக் கடற்கரையில் பேக்கல் பக்கம் கரையேறி, நீலகிரி, அவிநாசி, புதுக்கோட்டை வழியாக வட இலங்கைக்குப் போனது. அந்தப் பாதை நெடுகிலும் ஐரோப்பாவின் பெரிய வானியலாளர்கள் கருவிகளோடு காத்திருந்தார்கள். பேக்கலில் இங்கிலாந்தின் நார்மன் லாக்கியர், புதுக்கோட்டையில் இத்தாலியின் ரெஸ்பிகி, அவிநாசியில் சென்னை வானாய்வகத்தின் நார்மன் போக்சன், நம் தொட்டபெட்டாவில் டென்னன்ட். பிரான்சிலிருந்து வந்த பியர் ஜான்சென் தேர்ந்தெடுத்த இடம் ஊட்டிக்கு அப்பால் உள்ள சோலூர்.

இந்த ஜான்சென் சாதாரண ஆள் அல்ல. முந்தைய ஆண்டு அல்ஜீரியாவில் தெரியவிருந்த கிரகணத்தைப் பார்க்க வேண்டியிருந்தபோது பாரிஸ் நகரம் பிரஷ்யப் படையின் முற்றுகையில் இருந்தது. மனிதர் கருவிகளை மூட்டை கட்டிக்கொண்டு வாயு பலூனில் ஏறி எதிரிப் படையின் தலைக்கு மேலே பறந்து தப்பினார். உயிரைப் பணயம் வைத்துப் போய்ச் சேர்ந்தால் கிரகண நாளில் மேகம் மூடிக்கொண்டது. அடுத்த வருடம் சோலூரில் வானம் அவரைக் கைவிடவில்லை. சூரியனைச் சுற்றித் தெரியும் அந்த வெள்ளி மகுடத்தின் நிறமாலையில் சூரிய ஒளிக்கே உரிய கருங்கோடு ஒன்றை அவர் கண்டார். அந்த மகுடத்தில் ஒரு பகுதி, தூசியில் பட்டுச் சிதறி வரும் சூரிய ஒளிதான் என்பதற்கு அது சான்றானது. இன்றும் சூரியனைப் பற்றிய பாடப் புத்தகங்களில் இருக்கும் செய்தி அது. கண்ட இடம் நம் சோலூர்.

மஞ்சூரும் அந்த நிழலின் பாதைக்குள்தான் வருகிறது. அன்று காலை இந்தச் சரிவுகளில் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று நான் அடிக்கடி எண்ணிப் பார்ப்பதுண்டு. 148 வருடம் கழித்து, 2019 டிசம்பர் 26 அன்று வளையச் சூரிய கிரகணமும் ஊட்டி, கோவை, திண்டுக்கல் வழியாகவே போனது. உங்களில் பலர் அன்று சூரியக் கண்ணாடியோடு படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தீர்கள்.

நுங்கம்பாக்கத்திலிருந்து ஓடியது

சென்னையில் 1786ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி அதிகாரி தம் சொந்தச் செலவில் எழும்பூரில் ஒரு வானாய்வகம் வைத்திருந்தார். தொழிலால் அவர் வானியலாளர் அல்ல, ஆசையால் பார்த்தவர். 1792ல் அது நுங்கம்பாக்கத்தில் முறையான வானாய்வகமாக எழுந்தது. அதன் கருங்கல் தூணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு வெட்டியிருக்கிறார்கள். சென்னையில் இருக்கும் மாணவர்கள் வானிலை மையம் பக்கம் போனால் விசாரித்துப் பாருங்கள்.

அங்கே வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874ல் சூரியனை வெள்ளிக் கோள் கடந்து சென்றபோது, பொதுமக்களுக்கு விளங்கும்படி அதைப் பற்றிச் சிறு நூல் எழுதி இந்திய மொழிகளிலும் வெளியிட்டார். பஞ்சாங்கத்தையும் தொலைநோக்கியையும் ஒரே கையில் பிடித்த மனிதர். அறிவியலை வீட்டு மொழியில் சொல்ல வேண்டும் என்று நினைத்ததால் எனக்கு அவர் மீது தனி மரியாதை.

அவருடைய மேலதிகாரி போக்சனை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நட்சத்திரங்களின் பிரகாச எண்ணுக்குக் கணக்கு கொடுத்தவர். எண் ஒன்று கூடினால் ஒளி இரண்டரை மடங்கு குறையும். ஐந்து கூடினால் நூறு மடங்கு குறையும். நல்ல இருட்டில் மனிதக் கண் ஆறாம் எண் வரை பார்க்கும். கார்த்திகையில் மிகப் பிரகாசமான மீனின் எண் ஏறக்குறைய 3. ஆறாவது மீனின் எண் நாலைத் தாண்டிவிடும். ஆகவே கார்த்திகையில் எத்தனை தெரிகிறது என்று எண்ணினாலே உங்கள் ஊர் வானம் எவ்வளவு கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். கருவியே வேண்டாம். சங்கப் புலவர்கள் இதை 'அறுமீன்' என்றார்கள். அவர்கள் வானத்தில் ஆறும் சுலபமாகத் தெரிந்திருக்கிறது.

சென்னையின் புழுக்கமும் மேகமும் நல்ல வேலைக்கு ஒத்துவரவில்லை. சூரியனை ஆராய மலை வேண்டும் என்று முடிவானது. மிக்கி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்தார். கொடைக்கானல் வென்றது, 1899ல் அங்கே சூரிய ஆய்வகம் வேலையைத் தொடங்கியது. நம் மேகமும் பனிமூட்டமும் நம்மைத் தோற்கடித்தன என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தண்ணீர், நம் வெளிச்சம்

இனி என் சொந்தக் கதை. என் அப்பா குந்தா மின் திட்டத்தில் கூலி வேலைக்காகக் கீழ்நாட்டிலிருந்து வந்தவர். 1932ல் பைக்காரா மின் நிலையம் ஓடத் தொடங்கி கோவை மில்களுக்கு மின்சாரம் கொடுத்தது. அதற்குப் பிறகு 1950-களின் நடுவில் கனடா நாட்டு உதவியோடு குந்தா திட்டம் வந்தது. அவலாஞ்சி, எமரால்டு, அப்பர் பவானி அணைகள், குந்தா, கெத்தை, பரளி மின் நிலையங்கள் என்று மலை உச்சியில் பெய்த மழை படிப்படியாக இறங்கிக்கொண்டே மின்சாரமாக மாறியது. மலையைக் குடைந்தவர்களில் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அப்பா அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்.

வேடிக்கை என்னவென்றால், நாங்கள் இருந்த லைன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்குதான். தலைக்கு மேலே கம்பி போகும், வீட்டுக்குள் வராது. அதனால் எங்களுக்கு வானம் இருந்தது. 1965ல் எனக்குப் பதினோரு வயது. மழை விட்டிருந்த ஒரு விடியற்காலையில் அப்பா எழுப்பி வெளியே கூட்டிப் போனார். கிழக்கே தொடுவானத்திலிருந்து விளக்குமாறு போல ஒரு வெளிச்சம் நீண்டு கிடந்தது. அது இகேயா-செக்கி வால்நட்சத்திரம் என்பதெல்லாம் நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பா சொன்னது ஒன்றுதான்: "பயப்படாதே, நல்லாப் பாத்துக்கோ. மறுபடி கிடைக்காது."

படிக்காத அந்த மனிதர் அன்று சொன்னதைத்தான் நான் முப்பத்து நாலு வருடம் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

முத்தோரையும் காவலூரும்

கொடைக்கானலிடம் தோற்ற நீலகிரிக்கு 1970ல் மறுபடி அழைப்பு வந்தது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தினர் ஊட்டிக்கு அருகே முத்தோரையில் ரேடியோ தொலைநோக்கியைக் கட்டி முடித்தார்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். உங்களைச் சுற்றுலா கூட்டிப் போனபோது, "சார், இது என்ன தொலைநோக்கி, கம்பி வேலி மாதிரி இருக்கு" என்று கேட்டவன் யார் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது!

அது ஏன் அந்தச் சரிவில் இருக்கிறது? ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 11 டிகிரியில் இருக்கிறது. அந்த மலைச் சரிவும் வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்திருக்கிறது. சரிவின் மேல் கட்டியதும் தொலைநோக்கி பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. நீள அச்சில் மெல்லத் திருப்பினாலே போதும், ஒரு விண்பொருளை மணிக்கணக்காகத் தொடரலாம். மலையே பாதி வேலையைச் செய்துவிட்டது. நம் ஊரில் துருவ நட்சத்திரம் ஏன் அவ்வளவு தாழ்வாக, பெரும்பாலும் மலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதற்கும் அதே 11 டிகிரிதான் காரணம். அந்தத் தொலைநோக்கிக்கு வெளிச்சம் பகை அல்ல. செல்போன் கோபுரமும் மின்சாதனங்களும் கிளப்பும் ரேடியோ இரைச்சல்தான் பகை. கண்ணுக்கு இருட்டு வேண்டும், அதற்கு அமைதி வேண்டும்.

கண்ணால் பார்க்கும் தொலைநோக்கிக்கு இருட்டான இடம் தேடி வைணு பாப்பு ஜவ்வாது மலையில் காவலூரைக் கண்டுபிடித்தார். 1960-களின் கடைசியில் சிறிய தொலைநோக்கியோடு தொடங்கிய இடம். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் உண்டு என்று 1977ல் உலகுக்குத் தெரிந்தபோது, அந்தக் கண்டுபிடிப்புக்கு உதவிய பதிவுகளில் காவலூரில் எடுத்ததும் ஒன்று. 1988ல் அங்கே கண்டுபிடித்த குறுங்கோளுக்கு நம் ராமானுஜன் பெயரை வைத்தார்கள். சமவெளி நகரங்களின் வெளிச்சம் அங்கும் எட்டிப் பார்க்கத் தொடங்கியது. மேகமில்லாத வானமும் இன்னும் இருட்டும் தேடி இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் அடுத்த தொலைநோக்கியை நிறுவினார்கள்.

சென்னை, கொடைக்கானல், காவலூர், ஹான்லே. நல்ல வானத்தைத் தேடி இருநூறு வருடமாக இடம் மாறி மாறிப் போயிருக்கிறோம். ஹான்லேக்கு அப்புறம் ஏற அதிக இடம் இல்லை.

1986ல் இருந்த வானம்

ஹாலி வால்நட்சத்திரம் வந்த 1986 மார்ச் மாதம் நினைவிருக்கிறதா? அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தவர்களுக்கு இப்போது ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நாலு வயது. விடியற்காலை நாலரை மணிக்குக் கம்பளியும் குல்லாவுமாகப் பள்ளி மைதானத்துக்கு வந்தீர்கள். எஸ்டேட் மேனேஜர் ஒருவரிடம் கடன் வாங்கிய பைனாகுலர் ஒன்று. வரிசையில் நாற்பது பேர். வால்நட்சத்திரம் நாம் எதிர்பார்த்த அளவு பிரமாதமாக இல்லை. ஆனால் வரிசையில் காத்திருந்தபோது பால்வீதியைப் பார்த்து, "சார், மேகம் வந்திருச்சு, கலையுமா?" என்று கவலைப்பட்டான் ஒருவன். அது மேகமல்ல, கோடி கோடி நட்சத்திரம் என்று சொன்னபோது யாரும் பேசவில்லை. என் ஆசிரியர் வாழ்க்கையில் அதைவிட நல்ல வகுப்பு ஒன்று நான் நடத்தியதில்லை. நான் நடத்தவும் இல்லை, வானம் நடத்தியது.

இன்று அதே மைதானத்தில் நின்றால் பால்வீதி சந்தேகத்துக்கு இடமாகத்தான் தெரிகிறது. தென்கிழக்கில் ஐம்பது கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் கோவை இருக்கிறது. அந்தத் திசையில் விடியாத விடியல் போல இரவெல்லாம் ஒரு வெளுப்பு. நம் மலைத் தண்ணீரிலிருந்து இறங்கிப் போன மின்சாரமும் அதில் கலந்திருக்கிறது. தென்மேற்கே முக்குருத்தி, சைலண்ட் வேலி காடுகள் பக்கம் மட்டும் இருட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கே தாழ்வாகத் தெற்குச் சிலுவையை இன்றும் காட்ட முடிகிறது என்றால் அந்தப் பக்கம் காடு இருக்கிற புண்ணியம்.

உலகக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 2016ல் வெளியான ஒளி மாசு வரைபடத்தின்படி உலக மக்களில் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பால்வீதி தெரிவதில்லை. 2023ல் வந்த ஆய்வு ஒன்று 2011 முதல் 2022 வரை சாதாரண மக்கள் வெறும் கண்ணால் பார்த்து அனுப்பிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. இரவு வானத்தின் வெளிச்சம் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம் கூடுகிறது. எட்டே வருடத்தில் இரு மடங்கு. 250 நட்சத்திரம் தெரியும் ஊரில் பிறக்கும் குழந்தைக்குப் பதினெட்டு வயதாகும்போது 100தான் தெரியும். கவனியுங்கள், இந்தக் கணக்கைக் கொடுத்தவர்கள் பெரிய விஞ்ஞானிகள் இல்லை. வாசலில் நின்று எண்ணிய உங்களையும் என்னையும் போன்றவர்கள்.

காரணங்களில் ஒன்று வெள்ளை எல்.இ.டி. மின்சாரம் மிச்சமாவதால் ஒன்று போட்ட இடத்தில் மூன்று போடுகிறோம். அதன் ஒளியில் நீலம் அதிகம்; வானம் பகலில் நீலமாக இருக்கும் அதே காரணத்தால் நீல ஒளி காற்றில் அதிகம் சிதறும். பழைய மஞ்சள் சோடியம் விளக்கு இவ்வளவு கெடுதல் செய்யவில்லை. நம் மலையில் பனிமூட்டம் வேறு. மேல்நோக்கிப் போகும் வெளிச்சம் மூட்டத்தில் பட்டு வெள்ளை வேட்டி கட்டித் தொங்கவிட்டது போல ஆகிவிடுகிறது. போதாததற்கு 2019 முதல் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் ஏழாயிரத்துக்கும் மேல் வானில் ஏறிவிட்டன. அவற்றை நாம் ஒன்றும் செய்ய முடியாது. விளக்கைச் செய்ய முடியும்.

மனு எழுதியது நான்தான்

இப்போது ஒரு உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு முக்கில் நிற்கும் அந்த உயர்கோபுர விளக்கு வேண்டும் என்று மனு எழுதி, தெருவெல்லாம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தவன் நான். தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடிந்து வந்த ஒரு பெண்ணின் எதிரே காட்டெருமை வந்து நின்றுவிட்டது. நல்லவேளை, உயிர் தப்பினார். மறுநாளே மனு எழுதினேன். அதற்காக இன்றும் வருந்தவில்லை. கரடியும் சிறுத்தையும் நடமாடும் ஊரில், "விளக்கை அணையுங்கள், நட்சத்திரம் பார்க்கலாம்" என்று சொல்கிறவன் மஞ்சூரில் வாழாதவன்.

நான் வருந்துவது வேறு. விளக்கு வேண்டும் என்று எழுதினேனே தவிர, எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று எழுதவில்லை. அந்த விளக்கில் ஒரு பாதி தரையைப் பார்க்கிறது. மறு பாதி எதிர் மலையையும் வானத்தையும் பார்க்கிறது. காட்டெருமை வானத்திலிருந்து இறங்கி வருவதில்லை. நேராகக் கண்ணில் அடிக்கும் வெளிச்சத்துக்குப் பின்னால் நிற்கும் மிருகம் நமக்குத் தெரியவும் தெரியாது. தரையை மட்டும் பார்க்கும் விளக்குதான் பாதுகாப்புக்கும் நல்லது. வீட்டு வாசலில் காணாமல் போன நாலு நட்சத்திரத்தைக் கோவை எடுக்கவில்லை. இருநூறு அடி தள்ளிப் போனதும் அவை திரும்பி வந்தனவே! எடுத்தது என் மனுவும், என் வாசல் விளக்கும், பக்கத்து வீடுகளின் ஃபோகஸ் லைட்டுகளும்தான்.

ஆற்றில் கலந்த சாயத்தை எடுக்க வருடக்கணக்காகும். வெட்டிய சோலை நம் காலத்தில் திரும்பாது. கெட்டுப்போனவற்றிலேயே ஒரு ஸ்க்ரூ டிரைவரால் அன்றிரவே திரும்பக் கிடைப்பது வானம் ஒன்றுதான்.

ஹான்லேயில் 2022 டிசம்பரில் இந்தியாவின் முதல் இருள்வானக் காப்பிடத்தை அறிவித்தார்கள். அங்கே ஊர் மக்கள் விளக்குக்கு மூடி போட்டார்கள், ஜன்னலுக்குத் திரை போட்டார்கள். கிராமத்து இளைஞர்கள் தொலைநோக்கி வைத்துப் பயணிகளுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். 2024ல் மகாராஷ்டிரத்தின் பெஞ்ச் புலிகள் காப்பகத்துக்கு இருள்வானப் பூங்கா என்ற அங்கீகாரம் கிடைத்தது. தமிழக அரசும் கொல்லிமலையில் ஒன்று அமைக்கப்போவதாகச் சொல்லியிருக்கிறது. காட்டேஜ் நடத்தும் என் மாணவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். கோவையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்களுக்கு அவர்கள் ஊரில் இல்லாதது நம்மிடம் இருக்கிறது. அது சீரியல் பல்பு இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன். வாசலில் இருந்த வெள்ளை ஃபோகஸ் லைட்டைக் கழற்றிவிட்டு 9 வாட் மஞ்சள் பல்பு போட்டேன். பழைய எண்ணெய் டின்னை வெட்டி மேலே மூடி செய்தேன். படி முன்பைவிடத் தெளிவாகத் தெரிகிறது, கண் கூசவில்லை. எதிர்வீட்டுப் பையன், அவனும் உங்களில் ஒருவன்தான், "சார், எனக்கும் ஒரு டின் வெட்டிக் குடுங்க" என்றான். உயர்கோபுர விளக்கைக் கீழ்நோக்கித் திருப்பக் கேட்டு இரண்டாவது மனுவும் எழுதி முடித்துவிட்டேன். இந்த முறை கையெழுத்து வாங்க உங்களில் யாராவது கூட வர வேண்டும். ஏற்றம் ஏற முழங்கால் விடுவதில்லை.

எல்லோருக்கும் ஒரு வீட்டுப்பாடம். வரும் கார்த்திகை மாதத்து அமாவாசையை ஒட்டி, இரவு எட்டு மணிக்கு மேல் கார்த்திகையை எண்ணுங்கள். தீப நாளில் எண்ணாதீர்கள். அன்று முழு நிலவு அதன் பக்கத்திலேயே நிற்கும், ஒன்றும் தெரியாது. வாசலில் ஒரு முறை, விளக்கை அணைத்து இருபது நிமிடம் கழித்து ஒரு முறை. ஊர்ப் பெயரோடு இரண்டு எண்ணையும் கீழே எழுதுங்கள். துபாயில் இருப்பவர்களும் எழுதலாம், பூஜ்யம் என்றாலும் எழுதுங்கள், மதிப்பெண் குறைக்க மாட்டேன்.

பேத்தி முழுப் பரீட்சை லீவுக்கு மறுபடி வருகிறாள். போகும்போது, "அடுத்த தடவை வாசல்லயே ஏழும் தெரியணும் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஏப்ரலில் கார்த்திகை மாலையில் மேற்கே சீக்கிரம் மறைந்துவிடும். அதற்கு முன் அந்த விளக்கைத் திருப்பிவிட வேண்டும்.

அன்புடன்,
உங்கள் சயின்ஸ் வாத்தியார், மஞ்சூர்